மறுநாள் வரும் ஆபத்து



சம்பளம் வாங்கிய சனிக்கிழமை இரவு. குடும்பத் தலைவர் கூட்டாளிகளோடு சம்சு குடித்துவிட்டு வந்து படுக்கிறார். ஞாயிறு காலை எழுந்து காப்பி குடிக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். மாலையில் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி. "நேற்றுப் போட்டது இன்னும் இறங்கவில்லை, படுத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் வீட்டார். விளக்கைப் போட்ட பிறகும், "ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது?" என்று கேட்கிறார் அவர்.

இது போதையன்று, நேயர்களே, நஞ்சு. அதன் பெயர் மெத்தனால்.

மதுவில் போதை தருவது எத்தனால். மெத்தனாலும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது தொழிற்சாலைக்கு உரியது, வயிற்றுக்கு உரியதன்று. அதற்கு நிறம் இல்லை. கலந்துவிட்டால் மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. திருட்டுத்தனமாகக் காய்ச்சும்போது முதலில் வடிவதில் இது கூடுதலாக இருக்கலாம். ஆனால் பலரை ஒன்றாகச் சாய்க்கும் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம், பேராசைக்காரர்கள் தொழிற்சாலை மெத்தனாலைச் சரக்கில் கலப்பதுதான். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லிலிட்டர் தூய மெத்தனால் ஓர் ஆளைக் கொல்லக்கூடும். அதைவிடக் குறைந்த அளவே கண்ணைப் பறிக்கக்கூடும்.

"கொளுத்திப் பார்த்தேன், நீலமாக எரிந்தது, நல்ல சரக்குதான்" என்பார் சிலர். நம்பாதீர்கள். இரண்டுமே நீலமாகத்தான் எரியும்.

போத்தலில் முத்திரை இருந்தாலும் மலிவுச் சரக்கை நம்புவதற்கில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.

ஆபத்து ஏன் மறுநாள் வருகிறது? ஈரல் மெத்தனாலை மெதுவாகப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். சாதாரண மதுவும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே, "நேற்று ஒன்றும் ஆகவில்லையே" என்று நிம்மதி அடையாதீர்கள்.

தாய்மார்களே, குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ, எல்லாம் பனி மூடியதுபோல் வெண்மையாகத் தெரிந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு நிமிடமும் காத்திராதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர் எதுவும் இந்த நஞ்சை முறிக்காது. 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஈரல் நஞ்சை உண்டாக்காமல் தடுக்கும் மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் அங்கே உண்டு. நேரத்தோடு போனால் உயிரைக் காக்கலாம், கண்ணையும் காக்கலாம்.

குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வெட்கமும் போலீஸ் பயமும் அப்போது வேண்டாம். மிச்சமுள்ள போத்தலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதே சரக்கைக் குடித்த மற்றவர்களின் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

சம்சுவை வாசற்படி ஏற விடாமல் தடுப்பதே நல்லது. அது முடியாத வீட்டில், மறுநாள் அவர் கண்ணைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள். அந்தக் கேள்வி அவரைக் காப்பாற்றக்கூடும்.