நம் பிள்ளைகளின் படிப்பும் புதிய யந்திரங்களும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, போனஸ், நிலம், ரேஷன் ஆகியவை பற்றி நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்றைக்கு நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். பள்ளிக்கூடத்துக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. திரையில் பாடம் நடத்துவது வந்துவிட்டது. வீட்டுப் பாடம் செல்போனில் வருகிறது. இவற்றை நாம் வரவேற்பதா, எதிர்ப்பதா?

நம்மிடையே இரண்டு விதமான அபிப்பிராயம் இருக்கிறது. "இந்தச் சனியன்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும், நமக்கு வேண்டாம்" என்கிறவர்கள் ஒரு பக்கம். "கடன் வாங்கியாவது, நகையை அடகு வைத்தாவது, கம்ப்யூட்டர் வைத்துச் சொல்லிக் கொடுக்கிற தனியார் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும்" என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேச்சும் பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் பிறந்தவைதாம். ஆனால் முதலாவது வழியில் போனால் புதிய அறிவு முழுவதும் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிடும். இரண்டாவது வழியில் போனால் நம் கூலி முழுவதும் கல்வி வியாபாரியின் பெட்டிக்குப் போய்விடும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

யந்திரம் யார் கையில்?

யந்திரம் நமக்குப் புதிதல்ல. ஆலையில் புது மெஷின் வந்தால் என்ன நடக்கிறது? நான்கு பேர் பார்த்த வேலையை ஒருவர் தலையில் கட்டுகிறார்கள். மீதி மூன்று பேரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வயலில் அறுவடை யந்திரம் இறங்கினால் அரிவாள் பிடித்த கைகளுக்கு வேலை இல்லை. ஆகவே யந்திரம் என்றாலே நம் ஜனங்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

இங்கிலாந்தில் 1811-ம் ஆண்டில் நெசவுத் தொழிலாளர்களுக்கும் இந்தக் கோபம் வந்தது. நாட்டிங்காம் பகுதியில் இரவோடு இரவாகத் தறிகளை உடைத்தார்கள். 1812-ல் அங்கே இருந்த சர்க்கார், தறியை உடைத்தால் மரண தண்டனை என்றே சட்டம் போட்டது. யந்திரம் வேறு, அதை முதலாளி பயன்படுத்துகிற முறை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தொழிலாளி வர்க்கத்துக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் எழுதினார். அந்த அனுபவம் இன்று நமக்கு இருக்கிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த யந்திரம் யார் கையில் இருக்கிறது? யாருக்காக ஓடுகிறது?

கொரோனா காலத்தில் கண்டது

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1-ம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கும் மேலே படிப்பு நின்றது. யாருக்கு நின்றது? தனி அறையும், ஆளுக்கொரு கம்ப்யூட்டரும், இண்டர்நெட்டும் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு நிற்கவில்லை. அப்பா ஷிப்டுக்குப் போகும்போது போனையும் கையோடு எடுத்துப் போகிற வீட்டில்தான் நின்றது.

கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றி 2021-ல் வெளிவந்த ஏசர் அறிக்கை என்ன சொல்லிற்று? பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் நூற்றுக்கு 67 வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அப்படி போன் இருந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. போன் இல்லாத பிள்ளை, போன் கிடைக்காத பிள்ளை, சிக்னல் இல்லாத பிள்ளை என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். அந்த வரிசையில் நிற்பது எந்த வர்க்கம்? அந்த நாட்களில் எத்தனை பிள்ளைகள் புத்தகத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள் என்பது உங்கள் தெருவைப் பார்த்தாலே தெரியும்.

படிப்பை விற்கும் கம்பெனிகள்

அதே காலத்தில் லாபவேட்டை தலைவிரித்தாடியது. போனில் பாடம் விற்கும் கம்பெனிகள் வீடு வீடாக ஆள் அனுப்பின. தவணைக் கடன் வாங்கிக் கொடுத்து, மாதாமாதம் பேங்க் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் பெற்றோரைச் சிக்கவைத்த புகார்கள் குவிந்தன. 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமே இந்தத் தானியங்கிப் பணப் பிடித்தம் பற்றிப் பெற்றோரை எச்சரிக்க வேண்டி வந்தது. இந்தக் கம்பெனிகளில் மிகப் பெரியது பைஜூஸ். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று பத்திரிகைகள் பாடின. 2024 ஜூலையில் அதே கம்பெனி திவால் நடவடிக்கையில் நின்றது. சந்தையை நம்பிப் பிள்ளையின் படிப்பை ஒப்படைத்தால் முடிவு இதுதான்.

இன்னொரு கொள்ளையும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற அமைப்பு 49 நாடுகளில் பயன்பட்ட 164 கல்விச் சாதனங்களையும் செயலிகளையும் சோதித்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 146, பிள்ளைகளை வேவு பார்த்தன, அல்லது வேவு பார்க்க இடம் கொடுத்தன. பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன பார்க்கிறது என்ற விவரம் விளம்பரக் கம்பெனிகளுக்குப் போயிற்று. பாடம் இலவசம் என்பார்கள். நம் பிள்ளையே அங்கே சரக்கு!

கேரளத்தின் அனுபவம்

அப்படியானால் வேறு வழி உண்டா? உண்டு, தோழர்களே. பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள்.

அங்கே 2001-ம் ஆண்டு வாக்கில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் வந்தது. ஆரம்பத்தில் ஒரே ஒரு அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருளைத்தான் பாடமாக வைத்தார்கள். ஆசிரியர் இயக்கம் இதை எதிர்த்தது. எதற்காக? ஆலையில் ஒரு மெஷின் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூடியை நம் பிட்டர் திறக்கக் கூடாது, கம்பெனி ஆள்தான் வந்து திறக்க வேண்டும், வருஷா வருஷம் அதற்கு வாடகையும் கட்ட வேண்டும் என்றால் ஒப்புவோமா? உரிமத் தொகை கேட்கும் மென்பொருள் அப்படிப்பட்டது. அதற்கு மாறாக, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற மென்பொருளும் உலகத்தில் உண்டு. அதற்குச் சுதந்திர மென்பொருள் என்று பெயர். 2006-ல் தோழர் அச்சுதானந்தன் தலைமையில் அமைந்த இடது ஜனநாயக முன்னணி அரசு அந்தப் பாதையை உறுதியாக எடுத்தது. சில ஆண்டுகளிலேயே பத்தாம் வகுப்புக் கம்ப்யூட்டர் தேர்வு முழுவதும் சுதந்திர மென்பொருளில் நடந்தது. பள்ளிகளில் இதனால் மிச்சமான உரிமத் தொகை சுமார் 3,000 கோடி ரூபாய் என்பது, இந்தத் திட்டத்தை நடத்தும் 'கைட்' என்ற அரசு நிறுவனத்தின் கணக்கு. அந்தப் பணம் அன்னியக் கம்பெனிக்குப் போகாமல் தப்பியது.

2018-ல் தொடங்கி 8 முதல் 12-ம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளில் கம்ப்யூட்டரும் திரையும் வைத்தார்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும்தான் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களும் பள்ளி ஆசிரியர்களே. 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றம் அமைத்து, கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பது, மலையாளத்தில் தட்டச்சு செய்வது, மின்னணுக் கருவி செய்வது ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2022-ல் அந்தப் பிள்ளைகளே இண்டர்நெட் மோசடிகளைப் பற்றித் தாய்மார்களுக்கு வகுப்பு எடுத்தார்கள்!

2020 ஜூன் 1-ம் தேதி, பள்ளி திறக்க வேண்டிய அதே நாளில், 'விக்டர்ஸ்' என்ற அரசுத் தொலைக்காட்சியில் பாடம் தொடங்கியது. அந்த ஒளிபரப்பு 2005 முதலே இருந்தது. ஜனங்களின் பணத்தில் முன்கூட்டிக் கட்டி வைத்தது ஆபத்துக் காலத்தில் கைகொடுத்தது. அங்கே குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தொலைக்காட்சியோ இண்டர்நெட்டோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று கணக்கெடுப்பில் தெரிந்தது. பெரும்பாலும் ஆதிவாசிகளும் தலித்துகளும் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும்தான் அந்தப் பட்டியலில் இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சி வைத்து அவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். வாலிபர் சங்கத் தோழர்கள் வீடு வீடாகக் கேட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள். சர்க்காரின் முயற்சியும் ஜனங்களின் ஸ்தாபன பலமும் சேர்ந்தபோதுதான் யந்திரம் கடைசிப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது.

யந்திரம் மட்டும் போதாது

பெட்டியைக் கொடுத்துவிட்டால் படிப்பு வந்துவிடுமா? வராது. தென் அமெரிக்காவில் பெரு என்றொரு நாடு. அங்கே 2008 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கம்ப்யூட்டர்களைக் கொடுத்தார்கள். 2012-ல் ஆராய்ந்து பார்த்தபோது, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதற்கு அடையாளமே இல்லை. சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றாமல், ஆசிரியருக்குத் தக்க பயிற்சி தராமல் பெட்டியை மட்டும் கொடுத்ததன் பலன் அது.

நம் தமிழ்நாட்டிலும் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்கள். கூலிக்காரன் வீட்டுக்குள் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்போதுதான். அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் பள்ளிப் படிப்பு முடிகிற தறுவாயில் பெட்டி கொடுத்தால் போதுமா? ஆறாம் வகுப்பிலிருந்தே பாடத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

பள்ளி திறந்த பின் நடந்ததையும் பாருங்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தெருவோரத்திலும் கோயில் திண்ணையிலும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்தது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு மனிதர் வேண்டும். ஆசிரியர் வேலையிடத்தைக் காலியாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு திரையை மாட்டினால் அது முன்னேற்றமல்ல, ஆட்குறைப்பு! ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! நம் கோரிக்கைகள் தெளிவானவை.

1. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஓடுகிற கம்ப்யூட்டர் அறையும், இண்டர்நெட்டும், மின்சாரமும் வேண்டும். பூட்டிய அறை வேண்டாம்.

2. கம்ப்யூட்டருக்கென்று நிரந்தர ஆசிரியர் வேண்டும். எல்லா ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

3. சுதந்திர மென்பொருளில், தாய்மொழியில் பாடம் வேண்டும்.

4. பிள்ளைகளின் விவரம் எந்தக் கம்பெனிக்கும் போகக் கூடாது.

5. வீட்டில் சாதனம் இல்லாத பிள்ளைக்கு அரசு கொடுக்க வேண்டும். அதுவரை மாலையில் பள்ளியைத் திறந்து வைக்க வேண்டும்.

இதற்கு நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகாமல் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்புகிற பழக்கத்தை விடுங்கள். நடவுக்குப் போகும் தாயும், இரவு ஷிப்டு முடித்து வரும் தகப்பனும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, "கம்ப்யூட்டர் அறைச் சாவி எங்கே? எத்தனை மெஷின் ஓடுகிறது? பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தொடுகிறார்கள்?" என்று கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அது என்ன பார்க்கிறது என்று தெரியாமல் இருக்காதீர்கள். "எனக்கும் சொல்லிக் கொடு கண்ணு" என்று கேளுங்கள். சம்பள ரசீதையும் பட்டாவையும் அதில் எப்படிப் பார்ப்பது என்று பிள்ளையிடமே கற்றுக்கொள்ளுங்கள். சங்க அலுவலகங்களில் மாலை நேரத்தில் இரண்டு மேஜையை ஒதுக்கி, பழைய கம்ப்யூட்டர் இரண்டைப் பழுது பார்த்து வைத்து, படித்த வாலிபர்களைச் சொல்லிக்கொடுக்கச் சொல்வோம்.

நூற்பு மெஷினை ஓட்டுகிறவர்கள் நாம். செல்போனைப் பூட்டிச் சேர்க்கிறவர்களும் நம் பெண்மக்களே. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் போய்ப் பாருங்கள். உழைப்பாளியின் கை செய்த சாதனம் உழைப்பாளியின் பிள்ளைக்கு எட்டாக் கனியாக இருக்கலாமா? இருக்க விடமாட்டோம். விஞ்ஞானம் நமக்கும் சொந்தம், நம் பிள்ளைகளுக்கும் சொந்தம். வருகிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலிருந்தே இந்த வேலையைத் தொடங்குவோம்!