எல்லைக்கோட்டில் அகப்பட்ட நடிகர்



நவராத்திரி நாட்களில் திருவனந்தபுரத்து ஆரியசாலையில் நிற்பவர் ஓர் அரிய காட்சியைக் காண்பர். வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையோடு எழுந்தருளி, விழா முடியுமட்டும் ஆரியசாலைத் தேவி கோயிலில் தங்குகிறார். உடன் வரும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதிக்கும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கைக்கும் இதே நகரில் வேறு தங்குமிடங்கள் உண்டு. மூன்றும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் திருமேனிகள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அம்மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பின்னரும் இந்த ஊர்வலம் நிற்கவில்லை. களியக்காவிளையில் கேரளத்தார் எதிர்கொண்டு வரவேற்கின்றனர். தெய்வங்களுக்குத் தடையாகாத அந்த எல்லை, ஒரு கலைஞருக்குத் தடையாயிற்று. அவரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அகத்தீசுவரத்து ஜே. சி. டேனியல் இளமையில் களரிப்பயிற்று முதலிய வீர விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்டவர். அவற்றைப் பரப்பத் திரைப்படமே தக்க கருவி என்று எண்ணினார். சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று தொழிலைக் கண்டறிந்தார். 108 ஏக்கர் நிலத்தை விற்று முதல் திரட்டினார் என்பர். திருவனந்தபுரத்துப் பட்டத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து, 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படத்தை எடுத்தார். கதையும் இயக்கமும் அவருடையவை, கதாநாயகரும் அவரே. நாடெங்கும் புராணக் கதைகளே படமாகிய காலத்தில், இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றிய சமூகக் கதையை அவர் தேர்ந்தது சிறு துணிவன்று.

கதாநாயகியாக நடித்த பி. கே. ரோசி, கூத்துக் கலையில் பழகியவர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். திரையில் அவர் ஏற்றதோ நாயர் பெண்ணின் வேடம். 1930-இல் கேபிடல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டபோது மேற்குலத்தார் சிலர் கொதித்தெழுந்து திரையின்மீது கல்லெறிந்தனர். தாம் நடித்த படத்தைக் காணும் உரிமைகூட ரோசிக்கு இல்லை. அவருடைய குடிசைக்கும் தீ வைக்கப்பட்டதாம். லாரி ஒன்றில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பியவர், அங்கே ராஜம்மாள் என்ற பெயரில் இல்லறம் நடத்தி, நடிப்பை மீண்டும் நாடாமலே வாழ்ந்து முடிந்தார் என்று கூறுவர். டேனியலை இழந்த பொருள் வாட்டியது. ரோசி இழந்ததோ தம் பெயரையே.

படம் பொருள் தரவில்லை. நிலையம் மூடப்பட்டது, கருவிகள் விலைபோயின. டேனியல் பல் மருத்துவம் கற்றுத் தமிழகத்து ஊர்களில் தொழில் நடத்தினார். இடையே மீண்டும் பட ஆசை எழுந்து, எஞ்சியிருந்ததையும் கரைத்தது. கையைச் சுட்ட நெருப்பையே மறுபடி தேடிப் போவது கலைஞர் இயல்பு போலும்!

முதுமையில் வறுமையும் நோயும் சூழ அவர் அகத்தீசுவரத்தில் இருந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் மலையாளப் பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கண்டு, மலையாளத் திரையின் தந்தை இவரே என்று எழுதினார், உதவித்தொகைக்காகவும் வாதாடினார். கேரள அரசு இணங்கவில்லை. அவர் தமிழ்நாட்டவர் என்பது சொல்லப்பட்ட காரணம்.

படம் எடுத்த நாளில் அகத்தீசுவரம் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். அவர் எல்லையைத் தாண்டவில்லை. எல்லைதான் அவரைத் தாண்டிப் போயிற்று. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு இன்றும் தன் பொறுப்பில் வைத்துப் பேணுகிறது என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். பேசாத படத்துக்கு மொழி ஏது, 1938-இல் வந்த 'பாலன்' அன்றோ முதல் மலையாளப் படம் என்று வாதித்தோரும் உண்டு. அந்தப் 'பாலனை'த் தயாரித்தவரோ சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம்!

1975 ஏப்ரல் 27-ஆம் நாள் டேனியல் காலமானார். 1992-இல் கேரள அரசு அவர் பெயரால் விருது ஒன்றை நிறுவியது. மலையாளத் திரையுலகில் வாழ்நாள் முழுதும் தொண்டாற்றியோருக்கு அளிக்கப்படும் உயர்ந்த விருது அது. 2013-இல் 'செல்லுலாய்டு' என்னும் படமாக அவர் வரலாறே திரைக்கு வந்தது. 'விகதகுமாரன்' படச்சுருள் எஞ்சவில்லை. சில நிழற்படங்களே கிடைக்கின்றன.