போன ஊரில் மாலை ஆறு மணி

(சின்னசேலத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "ஐயா, ஒரு பதினைந்து நிமிஷம் பேசணும். பசங்க படிச்சு முடிச்சதும் வெளியூர், வெளிநாடுன்னு போறாங்க. அவங்களுக்குப் பிரயோஜனப்படுற மாதிரி சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் வெளிநாடு போனவன் அல்ல. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. என் வாழ்க்கையில் நான் போன ரொம்ப தூரமான ஊர் எது என்று கேட்டால், கல்வராயன் மலை என்றுதான் சொல்வேன். மழை பெய்து வானம் வெளுத்த நாளில் இங்கிருந்தே தெரிகிற மலைதான். அங்கே நான் தோற்றுப்போய் இறங்கி வந்தேன். அந்தக் கதையை இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், வீட்டை விட்டு ரொம்ப தூரம் போன வேறு சில இளைஞர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2011-ல் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தால், எதிர் பெஞ்சில் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. ஒருவன் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறான், இன்னொருவன் அப்பளத்தை எப்படி உடைப்பது என்று யோசிக்கிறான். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பேச்சுக் கொடுத்தேன். அமெரிக்காவில் 1830-ல் தோன்றிய, மார்மன் சபை என்று உலகம் சொல்லுகிற திருச்சபையின் ஊழியர்கள் அவர்கள். ஒருவனுக்கு இருபது வயது, மற்றவனுக்கு இருபத்தொன்று.

மதம் பற்றி நான் பேச வரவில்லை. அவர்கள் அழைத்த கூட்டத்துக்கும் நான் போகவில்லை. நான் கேட்டதெல்லாம் அவர்களுடைய தினப்படி வாழ்க்கையைத்தான். காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம். சம்பளம் கிடையாது. வீட்டார் சேர்த்து வைத்ததும் தான் சம்பாதித்ததும்தான் செலவுக்கு. சினிமா கிடையாது, காதல் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, காய்கறி வாங்க, வீட்டுக்கு எழுத. அப்போதெல்லாம் வருஷத்துக்கு இரண்டே தடவைதான் வீட்டுக்குப் போன் பேசலாம், கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. (2019-லிருந்து வாரா வாரம் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள்.) இன்னொரு விதி, எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். அந்த ஜோடியையும் அவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது. யாரைக் கொடுக்கிறார்களோ அவரோடுதான் சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானம் ஆக வேண்டும்.

"தம்பி, இதில் எது ரொம்பக் கஷ்டம்? வெயிலா, காரமா, முகத்தில் அடித்தமாதிரி கதவைச் சாத்துகிறார்களே, அதுவா?" என்று கேட்டேன். சின்னவன் கொஞ்சம் யோசித்து, "சாயங்காலம்" என்றான். வீடுகளில் விளக்கு எரியும்போது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம் இருப்பது தெருவில் நிற்கிறவனுக்கு நன்றாகத் தெரியுமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பையன்களை நம் மண் அன்றைக்குத்தான் பார்த்தது என்று நினைக்காதீர்கள். 300 வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டது. 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்கு. மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. கூட வந்தவர் புளுட்சோ. டென்மார்க் அரசர் அனுப்பிய ஆட்கள்தான். ஆனாலும் அங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கே இவர்களைப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் சீகன்பால்கு அந்த டேனிஷ் கோட்டையிலேயே நான்கு மாதம் சிறையில் இருந்தார்.

அவர் தமிழ் படித்த விதத்தைக் கேளுங்கள். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் 'அ' எழுதினார். பல்கலைக்கழகம் பார்த்த ஆள், ஐந்து வயசுப் பையன் சிரிக்கச் சிரிக்க மணலில் விரலால் எழுதுகிறார்! பிறகு தன் தினப்படி நேர அட்டவணையை ஊருக்குக் கடிதமாக எழுதினார். காலை ஏழிலிருந்து எட்டு வரை பழைய சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு தமிழ்ப் புலவரோடு உட்கார்ந்து தமிழ் நூல் மட்டுமே படிப்பது. மத்தியானம் மறுபடி படிப்பு. சாயங்காலம் இருட்டிய பிறகு கண்ணுக்குச் சிரமம் என்பதால் வேறொருவர் படிக்க இவர் கேட்பது. சாயங்காலத்தை அவர் காலியாக விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்படிப் படித்ததன் பலன் என்ன? 1708-ல் தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கே ஒரு பட்டியல் போட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அதில் இருந்தன. 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 'உன்னை அனுப்பியது அந்தத் தெய்வங்களை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல' என்கிற ரீதியில் அங்கிருந்த பெரியவர் ஒதுக்கி வைத்துவிட்டார். அது அச்சானது 1867-ல், நம் சென்னையில். எழுதியவரோ 1719-லேயே, 36 வயதில், தரங்கம்பாடியில் மண்ணுக்குள் போய்விட்டார். சொல்லிக் கொடுக்க வந்தவர் கற்றுக்கொள்கிறவராக மாறினார். அனுப்பியவர்களுக்கு அது புரியவில்லை.

இன்னும் பக்கத்தில் வருவோம். நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல் பிரிந்தபோது நம்மோடு சேர்ந்து வந்த திருக்கோவிலூர். அந்த ஊரில் டேனிஷ் மிஷன் 19-ஆம் நூற்றாண்டிலேயே கால் ஊன்றியது. 1916-ல் அந்த மிஷனுக்காக டென்மார்க்கிலிருந்து வந்தவர் எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண். 1909-லேயே வந்துவிட்ட ஆன் மேரி பீட்டர்சன் என்ற மூத்த பெண்மணியோடு, 1917 ஜனவரியில் ரயிலேறி அகமதாபாத் போனார். அங்கே கோச்ரப்பில் ஒரு வாடகை பங்களாவில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தார் காந்தி. அவர் அப்போது இன்னும் சம்பாரணுக்குக்கூடப் போகவில்லை.

அந்தச் சில நாட்கள் எஸ்தரைப் புரட்டிப் போட்டன. திரும்பி வந்த பிறகு காந்தியிடமிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன, 'அன்புள்ள குழந்தாய்' என்ற தோரணையில். அவை 1956-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாகவே வந்தன. மிஷனுக்கு இந்தத் தொடர்பு பிடிக்கவில்லை. உலகப் போர் நடந்த காலம், வெள்ளைக்கார அரசுக்கும் பிடிக்கவில்லை. எந்த அமைப்பு தன்னைக் கப்பலேற்றி அனுப்பியதோ, சோறு போட்டதோ, அதற்குக் கட்டுப்படுவதா, மனசு சொல்வதைக் கேட்பதா? ஊர் உறவு எதுவும் இல்லாத இடத்தில் ஒரு சின்னப் பெண் இந்தக் கேள்வியோடு எத்தனை சாயங்காலம் தனியாக உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் எஸ்தர் மிஷனை விட்டு விலகினார். பீட்டர்சனும் மிஷனை விட்டு வந்து, பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கும் வேலையில் இறங்கினார். 1921 செப்டம்பரில் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். அதுதான் சேவாமந்திர். எஸ்தர், மேனன் என்ற மருத்துவரை மணந்துகொண்டு அங்கேயே வந்து சேர்ந்தார். போன ஊரே அவர்களுக்குச் சொந்த ஊர் ஆனது.

இப்போது என் கதை.

1978. படிப்பு முடித்து, கையில் பி.எட். சர்டிபிகேட்டோடு கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கு வாத்தியாராகப் போனேன். வயசு 24. ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. 1976-ல்தான் ஜாகீர் முறை முடிந்து அரசாங்கத்தின் கைக்கு முழுசாக வந்திருந்தது. 'இருட்டில் கிடக்கிற ஜனங்களுக்கு வெளிச்சம் கொடுக்கப் போகிறோம்' என்கிற நினைப்பு எனக்கு. நானும் ஒரு மிஷனரிதான், கழுத்தில் டை மட்டும்தான் இல்லை.

முதல் மாதமே ஒரு பையன் நாலு நாள் வரவில்லை. நன்றாகக் கணக்குப் போடுகிற பையன். ஐந்தாம் நாள் வந்தவனை வகுப்பு முன்னால் நிறுத்தி, "மலையில பொறந்த புத்தி போகுமாடா?" என்று கேட்டேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என் வாயில் கசக்கிறது. சாயங்காலம் அவன் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. "வாத்தியாரே, சாமை அறுப்பு. கூலிக்கு ஆள் வைக்க எங்கிட்ட ஏது? நீ ஒரு நாள் எங்க வீட்டுல வந்து இருந்து பாரு, அப்புறம் பேசு" என்றார்.

போனேன். சாமைச் சோறும் கொள்ளுத் துவையலும் போட்டார்கள். அந்தப் பையன் எந்தச் சரிவில் எந்தத் தானியம் வரும், எந்த மரத்துக் கடுக்காய் எப்போது உதிரும் என்று எனக்கு வகுப்பு எடுத்தான். எனக்கு ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி திண்ணையில் படுத்துக்கொண்டு, 'நாம் இங்கே மணலில் எழுத வேண்டிய ஆள்' என்று தோன்றியது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இங்கே பெருமையாகப் பேசலாம். முடியவில்லை. பகல் பொழுது ஓடிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மலை இறங்கி இருட்டு வரும். லாந்தர் விளக்கு, மழைச் சத்தம், பேச ஆள் இல்லை. கூட வேலை பார்த்தவர் வாரம் தவறாமல் ஊருக்கு இறங்கிவிடுவார். அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் அழுகை வரும், ஆகவே கடிதமும் எழுதவில்லை. எட்டாவது மாதம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் எழுதி மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பையனிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அடுத்த வாத்தியார் வர ஒரு வருஷம் ஆனது. அந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றேன், நல்லாசிரியர் என்றுகூட நாலு பேர் சொன்னார்கள். அந்த ஒரு பெயர் மட்டும் என் வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' ஆகவே இருக்கிறது. ஆப்சென்ட் ஆனது அவன் இல்லை, நான்.

அதனால்தான் கோயம்புத்தூர்ப் பையன் 'சாயங்காலம்' என்றபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தோற்றது அறிவு போதாமல் அல்ல, மனசு கெட்டுப்போயும் அல்ல. அவர்களுக்கு இருந்த மூன்று சின்ன விஷயங்கள் எனக்கு இல்லை. துணைக்கு ஒரு ஆள். பொழுதுக்கு ஒரு கணக்கு. வாரம் தவறாமல் வீட்டுக்கு ஒரு கடிதம். இதை நான் அவர்களுடைய மதத்திலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களுடைய தினப்படியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் சிங்கப்பூர் போவீர்கள், சிலர் துபாய், சிலர் பெங்களூர். ஒருவராவது இந்த மலைக்கு வாத்தியாராக, டாக்டராக, நர்ஸாகப் போவீர்கள் என்று நம்புகிறேன். போன இடத்தில் முதல் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரர், ரூமைக் கூட்டுகிற அம்மா, பஸ் கண்டக்டர், இவர்கள்தான் உங்கள் திண்ணைப் பள்ளி வாத்தியார்கள். சாயங்காலத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன் பண்ணும்போது 'நல்லா இருக்கேன்' என்பதோடு நிறுத்தாமல், நன்றாக இல்லாத நாளில் இல்லை என்றும் சொல்லுங்கள். எஸ்தர் மாதிரி, அனுப்பியவர் ஒன்று சொல்ல மனசு ஒன்று சொல்லும் நாளும் வரலாம். அன்றைக்கு முடிவெடுக்க உங்களுக்கு ஒருவரின் கடிதமாவது வேண்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் மலர் போடுகிறோம், விருந்து வைக்கிறோம், நல்ல காரியம்தான். அதோடு, இந்த வருஷம் வெளியூர் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும், அந்த ஊரிலேயே இருக்கிற நம் பழைய மாணவர் ஒருவரைத் துணையாகக் கொடுக்க முடியாதா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளைச் சோறு போட்டால் போதும். பணம் செலவில்லாத திட்டம். கல்வராயன் மலைக்குப் போகிற பிள்ளைக்கு யார் துணை என்று கேட்டால், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருக்கிறது. ஆனாலும் மாதம் ஒரு தடவை மேலே ஏறி, அந்தப் பிள்ளையோடு சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் லேட் ஆக வருவது ஆப்சென்ட் ஆவதைவிட மேல் என்று நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.