கொடுமுடி கோகிலம்



இசையரசி கே. பி. சுந்தராம்பாள் அவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த அம்மையார், வறுமையின் காரணமாக இளமையில் புகைவண்டியில் பாடிப் பொருள் பெற்றார் என்பர். அக்குரலின் அருமையை உணர்ந்து நாடகத் துறைக்கு வழிகாட்டியவர் திருச்சி எப். ஜி. நடேச ஐயர். அவர் இரயில்வே அதிகாரி. கோப்புக்களோடு மல்லாடும் எம்மனைய இரயில்வே ஊழியர்க்கு இதில் சிறிது பெருமை உண்டு, பொறுத்தருள்க!

இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். இருவர் குரலும் உயர்ந்த சுருதியில் எழும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்த இணைப்பு மணமாகக் கனிந்தது. ஆயினும் கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார், இல்லறம் நிலைக்கவில்லை, பிரிவு நேர்ந்தது. 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று பூண்ட வெள்ளுடையை இறுதிவரை களையவில்லை. பிரிந்து சென்றவர்க்கு இத்துணைத் தவம் வேண்டுமோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு. அது அவர் உள்ளம் அறிந்தது.

ஆனால், அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய்! நாடே வியந்தது. சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். 1953-இல் 'ஔவையார்' வந்தது. இளமைக்கும் ஒப்பனைக்குமே மதிப்பளிக்கும் திரையுலகில், கோலூன்றிய கிழவியைக் காணக் கூட்டம் அலைமோதியது. 'பூம்புகா'ரில் கவுந்தி அடிகளாகவும், 'திருவிளையாட'லில் மீண்டும் ஔவையாகவும் தோன்றினார். 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 1980-இல் மறைந்தார்.

இவற்றை இங்கு உரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் சங்க நாடகங்களுக்குப் பெண் நடிகர் வேண்டி இச்சாணக்யபுரியில் வீடு வீடாகச் செல்கின்றோம். "எங்கள் பெண் கடவுள் வாழ்த்துப் பாடட்டும், வேடம் வேண்டாம்" என்கின்றனர். அம்மையாரின் பாடலைக் கண்ணீர் மல்கக் கேட்கும் வீடுகளும் அவற்றுள் அடங்கும்!

அடுத்த ஆண்டு விழாவில் ஔவையார் வரலாற்றை நடிக்க எண்ணியுள்ளோம். அதியமானுக்கு மூவர் பெயர் கொடுத்துள்ளனர். ஔவைக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை.