கித்தாரின் முதுகு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் தாய்மார்கள் சிலர் சிரிக்கக்கூடும். பேஸ் கித்தாரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும், நாம் உடுத்தும் உடுப்பு அதன் பளபளப்பான மேற்பூச்சில் கீறல் போடாமல் காப்பது எப்படி என்பதைப் பற்றி. உங்கள் தோட்டத்தில் ஓர் இசைக்குழு இருந்து, அதில் உங்கள் மகனோ தம்பியோ வாசித்துக்கொண்டிருந்தால், இது உங்கள் வீட்டுப் பணத்தைப் பற்றிய பேச்சுத்தான் என்பதைச் சிறிது நேரத்தில் ஒப்புக்கொள்வீர்கள்.

2011-ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்து இளைஞர்கள் பத்துப் பேர் ஆளுக்கு 60 ரிங்கிட் போட்டு, பழைய பேஸ் கித்தார் ஒன்றை வாங்கினார்கள். கறுப்பு நிறம், கண்ணாடி போன்ற பளபளப்பு. தீபாவளிக் கலை இரவு, கல்யாண வீடு, திருவிழா என்று ஓராண்டுக்கும் மேல் அது உழைத்தது. பிறகு அதை விற்றுவிட்டு இன்னும் நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று பட்டணத்துக் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் தந்திகளைத் தட்டிப் பார்க்கவில்லை. முதல் வேலையாகக் கித்தாரைக் கவிழ்த்து அதன் முதுகைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு, கோழி கிளறிய மண்ணைப் போல, கீறல்கள். 450 ரிங்கிட்டாவது கிடைக்கும் என்று நாங்கள் எண்ணியிருக்க, 300 என்றார். விற்காமல் திரும்பினோம்.

அந்தக் கீறல் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ் கித்தார் சாதாரணக் கித்தாரைவிட நீளமானது, கனமும் அதிகம். பலவும் நான்கு கிலோவுக்குக் குறையாது. தோள்வாரில் தொங்கவிட்டு நின்றபடி வாசிக்கும்போது அதன் முதுகு நம் வயிற்றோடு ஒட்டி உட்காருகிறது. நீண்ட கழுத்துப் பக்கம் கீழே சாயப் பார்ப்பதால், வாசிப்பவர் வலது முன்கையால் உடற்பகுதியைத் தம்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். தாளத்துக்கேற்ப உடம்பும் ஆடுகிறது. நடுவில் இருப்பது என்ன? பெல்ட்டின் பக்கிள். ஒரே இடத்தில், ஒரு பாட்டுக்கு எத்தனையோ தடவை, இரும்போ பித்தளையோ தேய்கிறது.

தேய்க்கப்படும் பூச்சோ மிக மெல்லியது. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் பிரிசிஷன் பேஸ் என்னும் மின் கித்தாரைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் லாக்கர் பூசினார்கள். அது மெல்லியது, எளிதில் கீறல் விழும். இப்போது பெரும்பாலான கித்தார்களுக்குப் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு. இவை தடிப்பும் கடினமும் உள்ளவை என்றாலும், உலோகத்தின் விளிம்புக்கு இவையும் ஈடுகொடுப்பதில்லை. பளபளப்பில்லாத மங்கல் பூச்சு உள்ள கித்தார்களும் உண்டு. அவற்றில் கதை வேறு: சட்டைத் துணி தேய்ந்த இடம் மட்டும் மினுமினுப்பாகிவிடும். மங்கலை மறுபடி கொண்டுவருவது கடினம்.

பக்கிள் மட்டும்தான் பகைவன் என்று எண்ணிவிடாதீர்கள். ஜீன்ஸ் காற்சட்டையின் உலோகப் பொத்தான், மேலங்கியின் ஜிப், சட்டைப்பையில் செருகிய பேனா, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து ஆகிய எல்லாம் சேர்த்தி. வலது கையில் காப்புப் போட்டவர்களும், முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசிப்பவர்களும் கித்தாரின் முன்பக்க மேல்விளிம்பைப் பாருங்கள். அங்கேயும் வரி வரியாக இருக்கும். கலை இரவுக்கென்று சம்கியும் கண்ணாடிச் சில்லும் வைத்துத் தைத்த பளபளக்கும் உடை இருக்கிறதே, அது மேடையில் அழகுதான். கித்தாருக்கு அது அரத்தாள்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. வெளிக்காட்டில் வேலை செய்துவிட்டு அதே சட்டையோடு பயிற்சிக்கு வருகிறோம். அதில் மண் தூசி இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சாதாரணக் கத்தியின் இரும்பைவிடக் கடினமானது. எனவே மென்மையான பருத்திச் சட்டையும் தூசி படிந்திருந்தால் கீறும். வாசித்து முடித்ததும் தூசியோடு இருக்கும் கித்தாரை அழுத்தித் துடைப்பவர்கள், துடைப்பதாக எண்ணிக்கொண்டு தேய்க்கிறார்கள். முதலில் துணியால் மெல்லத் தட்டித் தூசியை உதற வேண்டும். பிறகு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் அழுத்தாமல் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

கொசுவுக்குத் தடவும் மருந்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றில் பலவற்றில் டீட் என்னும் இரசாயனம் சேர்ந்திருக்கிறது. அது பிளாஸ்டிக்கையும் பூச்சுகளையும் இளக்கிவிடும். கையிலும் சட்டைக் கையிலும் அதைத் தடவிக்கொண்டு கித்தாரைத் தழுவினால், கீறல் அல்ல, பூச்சே பிசுபிசுத்துப் போகும். மருந்து தடவியவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கித்தாரைத் தொடட்டும். லாக்கர் பூசிய பழைய கித்தார் வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் தோள்வாரையும் ரப்பர் பட்ட தாங்கியையும் அதன்மேல் நாள்கணக்கில் விட்டுவைக்கலாகாது. அவையும் அந்த லாக்கரை இளக்கும்.

சரி, என்ன செய்வது? செலவில்லாத வழி, பெல்ட்டைக் கழற்றி வைப்பது. முடியாவிட்டால் பக்கிளை இடுப்பின் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, சட்டையை வெளியே விட்டுக்கொள்ளலாம். பாத்தேக் சட்டையை வெளியே விட்டு உடுத்துவதுதானே நம் நாட்டு வழக்கம்? அந்த வழக்கம் கித்தாருக்கும் நல்லது. ஆனால் பக்கிள் நடுவிலேயே இருந்தால் மெல்லிய சட்டை மட்டும் போதாது; அதன் முனை துணி வழியாகவே அழுத்தும்.

அதைவிட நல்லது, முதுகுத்துணி. பழைய வேட்டி அல்லது பனியன் துணி, பல தடவை துவைத்து மெத்தென்று ஆனது, கஞ்சி போடாதது. அதை இரண்டு மடிப்பாக, ஒன்றரைச் சாண் அகலத்துக்குத் தைத்துக்கொள்ளுங்கள். கித்தாரின் உடற்பகுதியில் தோள்வாரை மாட்ட இரண்டு குமிழ்கள் இருக்கும், மேல்கொம்பில் ஒன்று, அடியில் ஒன்று. துணியின் இரு முனையிலும் மெல்லிய நாடா வைத்துத் தைத்து அந்தக் குமிழ்களில் கட்டிவிட்டால், துணி முதுகின் குறுக்கே வந்து பக்கிள் படும் இடத்தை மூடிக்கொள்ளும். கொக்கியோ ஊக்கோ வேண்டாம். தடித்த துணியைக் குமிழில் திணிக்கவும் வேண்டாம். தோள்வாரின் துளை குமிழில் முழுமையாக இறங்காவிட்டால் வார் நழுவும். கீறலுக்குப் பயந்து கித்தாரையே கீழே போட்ட கதையாகிவிடும். கட்டிய பிறகு வாரை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் துணியை அவிழ்த்து உதறிக் கொடியில் போடுங்கள். வியர்வை ஈரத்தோடு அதைக் கித்தாரிலேயே விட்டுவைத்தால் பூச்சுக்கும் கேடு, உலோகப் பாகங்களுக்கும் துரு.

விழுந்துவிட்ட கீறலைப் போக்க வீட்டிலுள்ள பொருளையெல்லாம் தேய்த்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் அப்போதைக்கு மறைக்கும். பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தின்னர் பக்கமே போக வேண்டாம். பளபளப்பான பூச்சில் மேலோட்டமான மயிர்க்கீறல்களை அதற்கென்றே விற்கும் பாலிஷ் ஓரளவு குறைக்கும். மங்கல் பூச்சில் அதையும் போடக்கூடாது. மரம் தெரியுமளவு ஆழமாகிவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதே நல்லது.

பழைய கீறல்தான் கித்தாருக்கு அழகு என்பாரும் உண்டு. பெண்டர் நிறுவனமே 1995-ஆம் ஆண்டு முதல், வேண்டுமென்றே தேய்த்துக் கீறிப் பழையதுபோல் ஆக்கிய கித்தார்களை அதிக விலைக்கு விற்றது. தன் காசில் வாங்கியதைத் தானே தேய்த்துக்கொள்பவரிடம் எனக்கு வழக்கில்லை. பத்துப் பேர் காசில் வாங்கியதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

எங்கள் கித்தாரின் கதையை முடிக்கவில்லையே. கடையிலிருந்து திரும்பிய அன்றிரவு பொது மண்டபத்தில் கூடினோம். யார் கீறியது என்ற பேச்சு வந்தது. அதை அதிகமாக வாசித்தவர் செம்பனைக் காட்டில் குலை வெட்டும் ஒரு தம்பி. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நானும், "பொதுப் பொருளை இப்படியா வைத்துக்கொள்வது?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சார், நான் என்னைக்கு பெல்ட்டு போட்டுக்கிட்டுப் பயிற்சிக்கு வந்திருக்கேன்?" எழுந்து போய்விட்டார்.

உண்மைதான். அவர் வேலை முடிந்து குளித்துவிட்டுக் கைலியும் பனியனுமாக வருகிறவர். கலை இரவுகளிலும் வேட்டிதான். கைலி முடிச்சு எதைக் கீறும்? பள்ளி முடிந்து, சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு, பெரிய பக்கிள் வைத்த பெல்ட்டோடு நேரே மண்டபத்துக்கு வருகிறவன் ஒருவன்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேஸ் வாசித்த பெருமையில், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வாரம் இரண்டு நாள் அந்தக் கித்தாரை மாட்டிக்கொண்டவன். எல்லாரும் போன பிறகு கித்தாரை மாட்டிப் பார்த்தேன். கீறல்களின் நடுவே என் பக்கிள் அச்சாகப் பொருந்தியது.

மறுநாள் மாலை அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா கோப்பி கலக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். குழுவினரிடமும் சொல்லி, குறைந்த 150 ரிங்கிட்டைப் பொதுப்பணத்தில் கட்டினேன். முதுகுத்துணி அந்த அம்மா தம் கணவரின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துக் கொடுத்ததுதான்.

தம்பி உடனே வந்துவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கைலியோடு மண்டப வாசலில் வந்து நின்றார். கித்தார் என் தோளில் இருந்தது. என் இடுப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், பெல்ட்டைக் கழட்டிட்டீங்களா?" கழற்றி மேசைமேல் வைத்திருந்ததைக் காட்டிவிட்டு, கித்தாரை அவரிடம் கொடுத்தேன்.