இருளின் பெயர் சூடிய சிற்றுயிர்



மழை விட்ட ஒரு பிற்பகல். டிக்கோயாவின் தோட்டமொன்றில், ஓடைக்கரை மரநிழலிலே ஊறிக் கிடக்கும் சருகுகளைச் சிறுவன் ஒருவன் குச்சியாற் கிளறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்து கபில நிறமான சிற்றுயிர் ஒன்று துள்ளிப் பாய்ந்து மறைகிறது. சிறுவன் அதனைத் தெள்ளு என்று கருதுவான். ஆனால் அது பூச்சியன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஓட்டுடலி அது. பக்கவாட்டில் ஒடுங்கிய உடலும் ஏழு சோடிக் கால்களும் அதன் அடையாளங்கள். இத்தகைய சருகுத்துள்ளி ஒன்றை, 1934ஆம் ஆண்டில், பேர்ட் என்னும் விலங்கியலாளர் இலங்கையிலிருந்து புதிய இனமாக விவரித்து வெளியிட்டார். செடிகளின் வேர்மண்ணோடு கடல் கடந்து, இன்று அவ்வினம் பல நாடுகளின் தோட்டங்களிலே குடியேறியிருக்கிறது.

இந்தச் சருகுத்துள்ளிக்குத் தென்துருவக் கடலின் அடியாழத்திலும் உறவினர் உண்டு. ஆயிரம் மீற்றருக்குக் கீழே சூரியனின் ஒளி எட்டுவதில்லை. அங்கே நீர் உறைநிலையை அண்டிய குளிர்ச்சியுடையது. மேலேயுள்ள நீரின் பாரமோ அளப்பரியது. அந்த இருளில் வாழும் உயிர்கள் சிலவற்றுக்கு விஞ்ஞானிகள் யூரித்தினீஸ் என்னும் பேரினப் பெயர் இட்டுள்ளனர். வளர்ந்தவை விரலளவும் அதற்கு மேலும் நீளும், செந்நிறமானவை. செவ்வொளி ஆழநீருக்குட் செல்லாத காரணத்தால், அங்கே சிவப்பும் கறுப்பாகவே தோன்றும். மேலிருந்து விழும் இறந்த மீனையும் திமிங்கிலத்தின் உடலையும் மோப்பத்தால் அறிந்து, கூட்டமாக வந்து தின்று தீர்ப்பது இவற்றின் தொழில். கடலடியைத் துப்புரவு செய்வோர் இவர்களே.

இவற்றுள் ஓரினம் 1822ஆம் ஆண்டிலேயே பெயர் பெற்றது. அதன் பின்னர் எந்தக் கடலின் ஆழத்தில் இத்தகைய உயிர் அகப்பட்டாலும், அதே இனம் என்றே பெரும்பாலும் எழுதிவைத்தனர். உலகெங்கும் பரந்த ஒரே இனம் என்பது நெடுங்கால நம்பிக்கை. 2013ஆம் ஆண்டில் சார்லொட் ஹாவர்மன்ஸ் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் பல கடல்களின் மாதிரிகளை எடுத்து, அவற்றின் பாரம்பரிய அலகுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஒன்றென எண்ணப்பட்ட பெயருக்குள்ளே பல இனங்கள் மறைந்திருந்தமை அப்போது தெரியவந்தது.

மறைந்திருப்பதை அறிவது வேறு; அதனை முறைப்படி விவரிப்பது வேறு. இரை கட்டிய பொறியைப் பாரத்துடன் ஆழத்துக்கு இறக்கவேண்டும். அகப்பட்டதை மதுசாரத்திலிட்டுக் காக்கவேண்டும். பின்னர் உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு காலையும், வாயுறுப்பையும், ஓட்டின் விளிம்பையும் வரையவேண்டும். நூதனசாலைகளில் நூறாண்டுகளாக உறங்கும் பழைய மாதிரிகளோடு அவற்றை ஒத்துப்பார்க்கவேண்டும். எல்லாம் முடிந்த பின், ஒரே ஓர் உடலை மூல மாதிரியாகத் தெரிந்து நூதனசாலையிலே வைக்கவேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுமாயின், தீர்ப்புச் சொல்லும் சாட்சி அதுவே.

இவ்வாறு உழைத்து, பெல்ஜியத்தின் செட்ரிக் டியுடெக்கம் டக்கோஸ் என்பவரும் ஹாவர்மன்ஸ் அம்மையாரும் 2015ஆம் ஆண்டில் புதிய இனங்கள் சிலவற்றை வெளியிட்டனர். தென்துருவக் கடலுக்குரிய ஓரினத்திற்கு அவர்கள் சூட்டிய பெயர் யூரித்தினீஸ் அந்தகாரே என்பதாகும். அந்தகாரம் என்பது இருளைக் குறிக்கும் வடசொல். தமிழரின் நாவிலும் பழகிய சொல். அதற்கு இலத்தீன் விகுதி கொடுத்து, 'இருளுக்குரியது' என்னும் பொருள் தோன்றச் செய்தனர். உலகின் அந்தத்திலே, பகலறியா நீரிலே வாழும் உயிர், நம் பாட்டிமார் அறிந்த சொல்லைத் தாங்கி நிற்பது வியப்பன்றோ?

ஒரு பெயரால் ஆகும் பயன் யாது என்று சிலர் வினவலாம். தேயிலைத் தோட்டத்தாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அதிகாலைப் பெரட்டுக்களத்திலே பெயர் பதியாதவருக்கு அன்றைய வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு நாள் உழைப்பையே அவர்கள் 'ஒரு பேர்' என்றும், பாதி நாளை 'அரைப்பேர்' என்றும் வழங்குவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாட்டின் பதிவேட்டிலே இடமற்றவராயினர். எஞ்சியோருக்கும் குடியுரிமை கிட்ட 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. மனிதரின் துயரையும் கடலுயிரின் நிலையையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. ஆயினும் ஓர் உண்மை இரண்டுக்கும் பொது: கணக்கில் வராததைக் காக்க எவரும் முன்வருவதில்லை. ஒன்றென எண்ணிய இடத்தில் ஒன்பது இனம் இருக்குமாயின், அவற்றுள் ஒன்று அழிந்துபோனாலும் நாம் அறியமாட்டோம்.

காலம் தாழ்த்தலின் விளைவுக்கும் சான்று உண்டு. இதே பேரினத்தைச் சேர்ந்த வேறோர் இனம் பசிபிக் கடலின் மரியானா அகழியில், ஆறாயிரம் மீற்றருக்கும் கீழே கண்டெடுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அதனை விவரித்தோர், அதன் குடலிலே பிளாஸ்ரிக் இழை இருக்கக் கண்டனர். ஆகவே அதற்கு யூரித்தினீஸ் பிளாஸ்ரிக்கஸ் என்றே பெயரிட்டனர். மனிதன் அவ்வுயிரை அறியுமுன்பே, அவன் எறிந்த கழிவு அதனைச் சென்று சேர்ந்துவிட்டது.

துருவமும் அகழியும் தொலைவிலுள்ளன. மஸ்கெலியாவின் மோரே தோட்டமோ டிக்கோயாவுக்கு அயலிலேயே உள்ளது. 2001ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட நன்னீர் நண்டு ஒன்றுக்கு, பெர்பிரிங்கியா மோரேயென்சிஸ் என்று அத்தோட்டத்தின் பெயரே வழங்கப்பட்டது. இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஏறக்குறைய யாவும் இந்நாட்டிற்கே உரியவை. அவற்றுட் பல, சின்னஞ்சிறு நிலப்பரப்பிலே ஒதுங்கி வாழ்பவை. ஓடையிலே மருந்துப் போத்தலைக் கழுவுகின்றவர், தாம் அறியாமலே ஓர் இனத்தின் கணக்கை முடித்துவிடவும் கூடும்.

ஆதலின் சருகைக் கிளறும் சிறுவனை அதட்டாதிருப்போமாக. துள்ளியதைப் பிடித்து, அதன் கால்களை எண்ணி, ஒரு தாளில் வரைந்த பின், எடுத்த இடத்திலேயே விட்டுவிடும்படி அவனுக்குச் சொல்லுவோம். அந்தகாரத்தை விவரித்த அறிஞர் செய்த வேலையின் முதற்படியும் அதுவேயாகும்.