கல்கத்தா வக்கீலும் தலைமன்னார்க் கடலும்



தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர்ப் புயல்தான் நம் நினைவுக்கு வரும். ஓர் இரவில் ஊரே போனது; பயணிகளோடு வந்த ரயிலும் போனது. அதன்பின் இரண்டு கோடைகூட முழுதாகக் கழியவில்லை. 1966 ஏப்ரல் 6-ஆம் தேதி, இடிந்த சுவர்களும் மணலுமாகக் கிடந்த அந்தக் கரைக்கு ஒருவர் நீந்தி வந்தார். முந்தைய நாள் இலங்கைக் கரையான தலைமன்னாரில் கடலில் இறங்கியவர். இருபத்தைந்து மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீரிலேயே இருந்தவர். பெயர் மிஹிர் சென். தொழில், கல்கத்தாவில் வக்கீல்.

மிஹிர் சென் கடலோரத்துப் பிள்ளை அல்ல. 1930-இல் புருலியாவில் பிறந்தார். அது வறண்ட மண். தாயார் லீலாவதி பாலும் முட்டையும் விற்று மகனைப் படிக்கவைத்தார். ஒரிசாத் தலைவர் பிஜு பட்நாயக்கின் உதவியோடு மகன் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே பகலில் இந்தியத் தூதரகமான இந்தியா ஹவுஸில் வேலை, இரவில் பாரிஸ்டர் படிப்பு. 1950-இல் அமெரிக்கப் பெண்மணி ஃப்ளோரன்ஸ் சாட்விக் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தார். நாமும் கடந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. அப்போது அவருக்கு நீச்சல் சரியாக வராது என்பதுதான் இதில் என்னை வியக்கவைப்பது. ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் போய், முகத்தை நீரில் பதித்து, கைகளை மாறிமாறி வீசிப் போகும் ஃப்ரீஸ்டைலை இருபது வயதுக்குமேல் கற்றுக்கொண்டார்.

கால்வாய் அவரைப் பலமுறை திருப்பி அனுப்பியது. உடம்பை விறைக்கவைக்கும் குளிர், திசை மாற்றும் நீரோட்டம். கடைசியில் 1958 செப்டம்பர் 27 அன்று, டோவரிலிருந்து கலே வரை 14 மணி 45 நிமிடத்தில் கடந்தார். இந்தியர்களில் அவரே முதல்வர். மறு ஆண்டே அவர் தந்த ஊக்கத்தோடு, பத்தொன்பது வயதுக் கல்கத்தாப் பெண் ஆரத்தி சாஹா, முதல் முயற்சியில் தோற்று, ஒரே மாதத்தில் மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். ஆசியப் பெண்களில் அதுவரை யாரும் செய்யாதது.

இப்போது நம் கடலுக்கு வருவோம். டோவர் – கலே தூரமும் தலைமன்னார் – தனுஷ்கோடி தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான், முப்பது கிலோமீட்டரை ஒட்டியது. அங்கே பதினைந்து மணி நேரம்கூட ஆகாதவருக்கு இங்கே ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா; இரண்டுக்கும் நடுவே மணல் திட்டுகள். அவற்றின் இடைவெளியில் தண்ணீர் பாய்ந்து இழுக்கும். எதிரே கரை தெரியும், ஆனால் ஆள் பக்கவாட்டில் போய்க்கொண்டிருப்பார். ராமேசுவரத்து மீனவரைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார். போதாததற்குச் சுறாவும் கடல் பாம்பும் உண்டு. கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன. செலவில் ஒரு பகுதிக்கு வழிசெய்தவர் இந்திரா காந்தி. யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி 1954-இலேயே இதே பாக் நீரிணையில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தியதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது.

அதே 1966-இல் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்போரஸ் மூன்றையும் சென் கடந்தார். அக்டோபர் இறுதியில் பனாமா கால்வாயை 34 மணி 15 நிமிடத்தில் முடித்தார். உலகம் பனாமாவைப் பெரிதாகப் பேசுகிறது. என் கணக்கில் பெரியது அந்த ஏப்ரல் இரவுதான்.

1967-இல் பத்மபூஷண் வந்தது. பிற்காலத்தில் அவர் நடத்திய பட்டு ஏற்றுமதித் தொழில் நொடித்தது. பிறகு நினைவும் போனது. தாம் கடந்த கடல்களையே மறந்தவராக, 1997 ஜூன் 11 அன்று கொல்கத்தாவில் காலமானார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, கொல்கத்தா நிற்கும் அதே ஹூக்ளி ஆற்றின் கரையில் வளர்ந்த நீச்சல் வீராங்கனை பூலா சவுத்ரி தலைமன்னாரில் இறங்கினார். ஏறக்குறைய பதினான்கு மணி நேரத்தில் தனுஷ்கோடியில் கரையேறினார்.